எல்லோரும் எடுத்த நாவல்

கிளை நூலகத்தில் இரவல் மேசையைப் பார்த்துக்கொண்ட அவளுக்கு முத்திரையக்கா என்று பெயர். தேதி முத்திரையை ஓங்கிக் குத்துவாள், பக்கத்து மேசை ஆடும். அந்தக் கைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். யாரும் சீந்தாத புத்தகத்தைத் தலைமையகம் கழித்துவிடும் என்பதால், அட்டையைப் பார்த்துப் பாவப்பட்டவற்றைக் கணவன் பேரிலும் நாத்தனார் பேரிலும் எடுத்ததாகக் காட்டிக் காப்பாற்றிவிடுவாள். ஏதோ புண்ணியம் செய்வதாக நினைப்பு.

அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அச்செழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. நூலகத்து மின்னூலில்தான் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்க முடியும். ஒரு தடித்த நாவலை அப்படியே எழுத்துக்கூட்டிப் பாதிவரை வந்திருந்தாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"இது முடியிற வரைக்கும் கண்ணு தாங்கினாப் போதும்டி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, ஆள் எடுக்காத மின்னூல்களை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது.  அக்காவைத் தவிர அந்த நாவலை யார் தொடுகிறார்கள்? முத்திரையக்கா பழைய வித்தையைக் கையில் எடுத்தாள். அக்காவின் தவணை முடியும்போதெல்லாம் கணவன், நாத்தனார், மாடிவீட்டுக்காரர், தான் என்று ஆள் மாற்றி எடுத்து, உடனே திருப்பி, அப்புறம்தான் அக்காவுக்குக் கொடுத்தாள்.

ஒருநாள் அக்கா நாவலைக் காணோம் என்றாள். முத்திரையக்கா தலைமையகத்துக்குப் போன் போட்டாள். மின்னூல் நமக்குச் சொந்தமில்லை, பதிப்பகம் இத்தனை தடவை இரவல் என்று உரிமம் தருவதோடு சரி, எடுக்க எடுக்கக் குறையும் என்று கணினிப் பிரிவுக்காரர் விளக்கினார். பயிற்சியிலேயே சொன்னதுதான், அவள்தான் காதில் வாங்கவில்லை. படித்தால் தேய்கிற புத்தகத்தை யார் கண்டது?

"உங்க கிளையில அதுக்கு ஏக கிராக்கி போல. மளமளன்னு தீந்துபோச்சு" என்றார் அவர்.

மறுபடி வாங்கலாமே என்று கெஞ்சினாள். பதிப்பகம் அந்த நாவலையே கைகழுவிவிட்டதாம், அச்சிலும் இல்லை. மின்னூல் வந்த பிறகு இது எதற்கு என்று அலமாரிப் பிரதியையும் கழித்தாயிற்று. அதில் 'நீக்கப்பட்டது' என்று ஓங்கிக் குத்தியவள் அவளேதான். பதிப்பகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டியும் ஆறவில்லை.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. அக்கா கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"சரி விடு. நீதான் அத்தனை தடவை எடுத்திருக்கியே. மிச்சக் கதையை நீயே சொல்லு" என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

 அத்தனை தடவை எடுத்தவள், அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.