ஆடி போகட்டும்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது, என் தங்கை விட்டுப்போன பெண். யார் வாசலிலும் போய் நிற்காமல் நான்கையும் ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எழுதுவேன்.

தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. என் கணவர் தையல் மிஷின் போட்டிருந்த இடம். அவர் போன பிறகு, கைப்பை, தோள்பை விற்கும் பைக்கடை வைக்க ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு அந்தக் கடைதான் படியளக்கிறது. அது இருப்பதால்தான் இன்றைக்கு இந்தப் பிள்ளை வீடு, நாளைக்கு அந்தப் பிள்ளை வீடு என்று துணிமூட்டையோடு அலையாமல் இருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கடை வாடகையைப் பேசி ஏற்ற வேண்டும். இந்த முறை கெடு ஆவணியில் முடிந்தது. ஆனிக் கடைசியிலேயே போய் ஞாபகப்படுத்தினேன். பைக்கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இன்னாம்மா நீங்க, ஆடி பொறக்கப் போவுது, இப்பப் போய் வாடகை பேசிக்கினு. ஆடி போவட்டும். ஆவணி பொறந்ததும் நானே வெத்தலை பாக்கோட வரேன்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் யார் ஆடி பார்க்கிறார்கள்? அந்த நம்பிக்கையில், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா புரட்டாசியிலிருந்து கூடுதல் வாடகை கேட்டபோது சரி என்று தலையாட்டிவிட்டேன். பைக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி போர்டு தொங்கவிட்டு வியாபாரம் பார்த்தார்.

ஆவணி பிறந்தது. அவர் வரவில்லை. நான் போனேன்.

"தேதி தாண்டிப் போச்சேம்மா" என்றார். வாடகை ஏற்றுவதென்றால் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்கும் பழைய வாடகைதானாம்.

"ஆடி போகட்டும்னு நீதானே தம்பி சொன்னே?"

"பேச வாணாம்னு சொன்னேன். எழுத வாணாம்னா சொன்னேன்?"

பை வாங்க வந்திருந்த பெண் ஒருத்தி சிரித்தாள்.

அடையாறில் இருக்கும் பெரிய மகனின் பெண்ணைக் கூப்பிட்டு அக்ரிமெண்டைப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷில் அவர் சொன்னபடியேதான் இருந்தது. கீழே என் கையெழுத்து. வக்கீலிடம் கேட்டோம், வழக்குப் போட்டால் இழுக்கும் என்றார். புரட்டாசி எனக்காகக் காத்திருக்குமா? மகன், ஹாலில் கட்டில் போட்டுத் தருகிறேன், வந்துவிடு என்கிறான். மருமகள் நல்லவள். டிவியைக்கூட எனக்காக அணைத்துவிடுவாள். அதனால்தான் நான் போகவில்லை.

மறுபடியும் கடைக்குப் போனேன்.

"கஷ்டம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. கடைல என்கூடப் பணம் போட்ட பார்ட்னரு ஒருத்தர் இருக்காரு, அவருக்கு மனசு எறங்குச்சுன்னா எதனா மேல போட்டுத் தருவாரு" என்றார்.

என் கடைக்கு வாடகை கேட்டு நானே மனு எழுத உட்கார்ந்தேன். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள், விடவில்லை. கஷ்டம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். திரும்ப வந்து எழுதினேன். முடித்துக் காகிதத்தைப் பேத்தியிடம் நீட்டினேன்.

"சத்தமாப் படிச்சுக் காட்டு கண்ணு. கஷ்டம்னு வர்ற எடத்துல நின்னு என் மூஞ்சியைப் பாக்காதே. மத்த வார்த்தை மாதிரி அதையும் படிச்சிட்டுப் போயிடு."