சுழற்றினாலும் நகராத நிழல்

டாலர் நாணயங்களை நான் சேர்த்தது அவற்றின் அழகுக்காக அல்ல. 2000-இல் வெளிவந்த அந்தப் பொன்னிற ஒரு டாலரை அமெரிக்கர்களே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. என்னைப் பிடித்தவை அதன் பிழைகள். ஒரே ஆண்டு, ஒரே உருவம். ஆனால் ஓர் அச்சில் கழுகின் நெஞ்சுக்குக் குறுக்கே கீறல் விழுந்திருக்கும், இன்னொன்றில் வால் இறகுகள் கூடுதல் கூர்மையாக இருக்கும். லண்டனில் நகர நிர்வாகக் கவுன்சிலில் முப்பது வருடம் விண்ணப்பங்களில் பிழை பிடித்தவனுக்கு, ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாணயம் மேல்முறையீடு செய்யாது என்பது கூடுதல் வசதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லண்டனின் மறுபக்கமுள்ள ரெய்னர்ஸ் லேனிலிருந்து நண்பர் ஒருவர் மோர்டனிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறிய எலக்ட்ரீஷியன், என்னைவிட இளையவர். நியூயோர்க்கிலுள்ள மைத்துனரிடம் போய் வந்திருந்தார். அங்கே சுரங்க ரயில் டிக்கெட் மெஷின் மிச்சக்காசாக டாலர் நாணயங்களைத் துப்புமாம். எனக்காக ஒரு கைப்பிடி கொண்டு வந்திருந்தார்.

குசினி மேசையில் விளக்கை இழுத்து வைத்து, உருப்பெருக்கும் கண்ணாடியை இடக்கண்ணில் பொருத்தினேன். எனக்கு எப்போதும் இடக்கண்தான். முதல் நாணயத்தில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் வலது கீழ்ப்பக்கத்தில் அதே எழுத்து இன்னொரு தடவை மெல்லியதாக நின்றது.

இரட்டை அச்சு. நாணயத்தை அடிக்கும் அச்சைச் செய்யும்போதே உருவம் சற்று விலகி இரண்டு தடவை பதிந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிபடும் நாணயம் எல்லாவற்றிலும் அது இருக்கும். இதற்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் முதுகு வளைக்கிறோம்.

“இருக்கு,” என்றேன்.

“என்ன அண்ணை இருக்கு?”

“நீர் கொண்டு வந்தது லேசுப்பட்ட சாமான் இல்லை.”

“அப்ப தேத்தண்ணியோட மட்டும் அனுப்பப் போறியளோ?”

இரண்டாவது நாணயத்திலும் அதே இரட்டை. ஒரே அச்சாக இருக்கலாம். மூன்றாவதில் ஆண்டுக்குக் கீழே இருந்த எழுத்து, அது டென்வரில் அடித்தது என்றது. முதல் இரண்டும் பிலடெல்பியா. வேறு ஊர், வேறு அச்சு, ஆனால் அதே இரட்டை, அதே வலது கீழ்ப்பக்கம்.

சந்தேகம் வந்தால் நாணயத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உலோகத்தில் உள்ள இரட்டை உலோகத்தோடு சேர்ந்து சுழலும். நாணயத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். எழுத்துகள் திரும்பின. நிழல் திரும்பவில்லை. எனக்கு வலது கீழ்ப்பக்கத்திலேயே நின்றது.

கண்ணாடியை வலக்கண்ணுக்கு மாற்றினேன். எழுத்துகள் ஒற்றையாக, சுத்தமாக இருந்தன. பிழை நாணயத்தில் இல்லை, என் இடக்கண்ணில்.

“என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை?”

“ஒண்டுமில்லை. அடிக்கேக்கை அச்சு ஆடியிருக்கு. இது கன காசில இருக்கும், விலை போகாது.”

நிபுணரின் குரலில் பொய் சொல்வது சுலபம். யாரும் இரண்டாம் கருத்துக் கேட்பதில்லை. அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

டொரண்டோவில் இருக்கும் என் அண்ணருக்கு விழித்திரை கெடத் தொடங்கியபோது முதலில் கதவு நிலைகள் வளைந்து தெரிந்தன. ஒரு வருடத்துக்குள் யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு. இப்போது எதிரே நிற்பவரின் காதையும் தோளையும் ஓரக்கண்ணால் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியாததல்ல. கண் பரிசோதகர், அவருடைய கடிதம், குடும்ப மருத்துவர், ஆஸ்பத்திரி. அறுபது தாண்டியவருக்குப் பரிசோதனை இலவசம். தாமதித்தால் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனாலும் பதினொரு நாளாகப் பரிசோதகரிடம் போகாமல் இருந்தேன். ஓர் அதிகாரி எழுதித் தராதவரை அது நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் வலக்கண்ணை மூடி இலக்கத்தைப் பார்ப்பேன். காலையில் விழித்ததும் கதவு நிலையைப் பார்ப்பேன். அது நேராக இருந்தது. நேற்றைவிடச் சற்றுக் குறைவான நேரோ என்று பகல் முழுக்க யோசிப்பேன்.

மனைவிதான் பிடித்தார்.

“டீவியில செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு ஏன் கண்ணடிக்கிறியள்?”

சொன்னேன். அவர் கையிலிருந்த துவாயை மடித்து வைத்தார்.

“நாளைக்குப் போவம்.”

“அப்பிடி உடனே ஏலாது. முதல்ல அப்பொயின்ட்மென்ட்—”

“உங்கட பைலை மூடுங்கோ. நான் போன் பண்ணுறன்.”

பரிசோதகர் ஓர் இளம் பெண். வலக்கண்ணை மறைத்து, கட்டம் போட்ட அட்டையை நீட்டினாள். நடுப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, கோடுகள் எங்காவது வளைகின்றனவா என்று கேட்டாள். அண்ணருக்கும் இதே அட்டையைத்தான் காட்டினார்களாம். ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் இருந்தது. ஆனால் கோடுகள் நேராகத்தான் இருந்தன. அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பார்த்தாள். கண்ணின் பின்பக்கம் நன்றாக இருக்கிறது, முன்பக்க வில்லைதான் புரை விழுந்து மங்கியிருக்கிறது, வெளிச்சம் அங்கே பிளந்து இரண்டாகிறது என்றாள். திரும்பச் சொல்லும்படி கேட்டேன். சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதட்டா எண்டு கேக்கிறா,” என்றார் மனைவி. “வில்லையை எடுத்துப்போட்டுப் புதுசு வைப்பினமாம். முழிச்சுக்கொண்டுதான் படுத்திருப்பியளாம்.”

அண்ணருடைய நோய் இல்லை. அதற்குப் பதிலாக, விழித்திருக்கும் என் கண்ணுக்குள் ஒரு கத்தி. பயம் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

“ஓம் எண்டு சொல்லுங்கோ.”

நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஓம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. மனைவி அதை ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று சொன்னார்.