அரை டிகிரி

கரையோர வயர்லெஸ் அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்றுதான் பெயர். ஆளும் அப்படித்தான், நெட்டையாக, விறைப்பாக, யாருக்கும் வளைந்து கொடுக்காமல். இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்தது ஒரே வேலை. ஆபத்தில் சிக்கிய படகு வயர்லெஸில் கூப்பிட்டால், கரையில் ஒரு கோபுரமும், பத்து மைல் தள்ளித் தீவில் இன்னொரு கோபுரமும் குரல் வரும் திசையைச் சொல்லும். திசைக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு சமன்பாடு. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் கோடுகள் வெட்டும் புள்ளி கிடைக்கும். அங்கே படகு. பள்ளிக்கூடக் கணக்குதான், பிரம்மவித்தை ஒன்றும் இல்லை.

வம்பு எங்கே என்றால், படகு தீவுக்கு நேர் பின்னால் போய் மாட்டிக்கொண்டால்தான். அப்போது இரண்டு கோபுரமும் சொல்வது ஒரே கோட்டை. ஒரே சமன்பாட்டை இரண்டு தடவை எழுதிய கதை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பூஜ்யம் சமம் பூஜ்யம். கோட்டில் எந்த இடத்தைத் தொட்டாலும் விடைதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

“கருவியே ஒரு டிகிரி தப்பா காட்டும். ரெண்டு கோட்டுக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம்னா, அது ரெண்டு கோடு இல்ல, ஒண்ணு. அது வெட்டுற புள்ளிய நம்பி யாரையும் அனுப்பிடாதீங்க. இடம் தெரியாதுன்னு சொல்லுங்க, கோடு முழுக்கத் தேடச் சொல்லுங்க.”

ஒரு நாள் மத்தியானம் வயர்லெஸில் வந்த குரல் அவருடைய தம்பியுடையது.

“அண்ணே, நான்தான். என்ஜின் நின்னுபோச்சு, தண்ணி ஏறுது. மூணு பேர் இருக்கோம். திட்டுறதெல்லாம் வந்தப்புறம் திட்டிக்கோ.”

அத்தோடு சத்தம் அறுந்துவிட்டது. கோபுரங்கள் திசை சொல்லின. வித்தியாசம் அரை டிகிரி. கழித்துப் பார்த்தார். கிட்டத்தட்ட பூஜ்யம். இடம் தெரியாது என்று வேறு யாருடைய தம்பிக்காவது சொல்லியிருப்பார். தன் தம்பிக்கு எப்படிச் சொல்வது?

பென்சிலைக் கூர்சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கோட்டையும் இழுத்தார். தீவுக்கு அப்பால் பத்தாவது மைலில் அவை ஒன்றையொன்று தொட்டன. அங்கே ஒரு புள்ளி வைத்தார்.

பக்கத்து மேஜைப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், அரை டிகிரிதானே...”

“எனக்குத் தெரியாதா? உன் வேலையப் பாரும்மா!”

மீட்புப் படகு அந்தப் புள்ளிக்குப் பறந்தது. பாவம், இரண்டு மணி நேரம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெறும் தண்ணீர். பிறகுதான் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. தீவிலிருந்து இருபத்தைந்தாவது மைலில் கவிழ்ந்து கிடந்த படகைப் பிடித்தபடி இரண்டு பேர் மிதந்தார்கள். அரை மணி நேரம் முன்புவரை மூன்று பேராக இருந்தோம் என்றார்கள்.

அலுவலகத்தில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்கூடத் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் தம்பி மனைவி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மேஜைமேல் இன்னும் மடிக்காமல் கிடந்த வரைபடத்தைப் பார்த்தாள். புள்ளியில் விரலை வைத்தாள்.

“இங்கதான் இருக்காருன்னு நீங்க சொன்னீங்களாமே மாமா. அன்னைக்கு அவர் இருந்த இடம் உங்களுக்கு நிஜமாவே தெரியுமா?”

இருபத்திரண்டு வருஷம் விறைப்பாக நின்ற மனுஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியாதும்மா,” என்றார். “அதை அன்னைக்கே சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பான்.”