இரண்டு டப்பாவுக்கு மாறிய நம்பர்

பல வருஷமாக வைத்திருந்த ஃபோன் கம்பெனியை நான் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்காக விட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கட்டணம், வேகம், நுகர்வோர் உரிமை என்று ஏதோ யோசித்து முடிவெடுத்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். டப்பாவின் மூடி பச்சை நிறம். சரியாக மூடவும் மூடாது.

செஞ்சி கடைத்தெருவில் பெரிய குடை ஒன்றை நட்டு, அதன் கீழே மேஜை போட்டு, புது கம்பெனியின் சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என் மூக்குக்கண்ணாடியையும் கையில் இருந்த பத்திரிகையையும் பார்த்தாள். "சார் மாதிரி படிச்சவங்களே இன்னும் பழைய கம்பெனியில இருந்தா எப்படி சார்?" என்றாள். வாழ்நாள் முழுக்கப் புத்தகமாகப் படித்தவனை இந்த ஒரு வாக்கியத்தில் வாங்கிவிடலாம் என்று அவளுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல.

"நம்பர் அதேதான் சார். கம்பெனி மட்டும்தான் மாறும். ஒரு நம்பர் மாத்தினா ஒரு டப்பா."

"ரெண்டு நம்பர் மாத்தினா?" என்று கேட்டேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான் காரணம்.

இரண்டாவது நம்பர் என் மனைவியுடையது. அவள் வீட்டின் முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். நான் அதே வீட்டின் பின்னறையில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். வீடு எந்த அறையால் ஓடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. அவளிடம் தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். அவலூர்பேட்டை, மேல்மலையனூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு ஃபோன் போடுவார்கள். "அக்கா, ஜாக்கெட் ரெடியா?" ரெடி என்றால் எங்கள் தெருவரைக்கும் நடந்து வருவார்கள். இல்லையென்றால் காய்கறி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். வெயிலில் சும்மா நடக்க யாருக்கும் தலையெழுத்தில்லை. ஃபோனை எடுக்காவிட்டால்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இன்னொரு தையல் கடை இருக்கிறது.

நம்பர் மாற்றுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். வாயில் நான்கைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கைப்பகுதியை வெட்டிக்கொண்டிருந்தாள். "உம்" என்றாள். குண்டூசி வாயில் இருக்கும்போது அவள் எதற்குமே "உம்" என்றுதான் சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

புது சிம் வேலை செய்யத் தொடங்கிய அன்றே இரண்டு ஃபோன்களும் சீக்காளிகளாகிவிட்டன. காலையில் நூறு என்று காட்டிய பேட்டரி மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருபதுக்கு வந்துவிடும். தொட்டால் இட்லிப் பானை மாதிரி சுட்டது. நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். முகப்புப் படத்தில் இருந்த கோட்டையை எடுத்துவிட்டுக் கறுப்பாக்கினேன். தேவையில்லாதவை என்று நான் நினைத்ததையெல்லாம் அழித்தேன். அதில் என் மனைவி சேர்த்து வைத்திருந்த கழுத்து டிசைன் படங்களும் போயின. பேட்டரி மட்டும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது.

காரணம் ஒருநாள் தற்செயலாகத்தான் பிடிபட்டது. பல் வலிக்காகத் திண்டிவனம் போனேன். அங்கே சாயங்காலம் வரை பேட்டரி குறையவே இல்லை. செஞ்சி திரும்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, ஃபோன் சுட ஆரம்பித்தது. புது கம்பெனியின் டவர் மலைக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை. கிடைக்காத டவரை நாள் முழுக்கத் தேடித் தேடியே ஃபோன் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் படைகள் வருஷக்கணக்காக முற்றுகையிட்டும் சுலபத்தில் உள்ளே வர முடியாத கோட்டை, சிக்னல் எம்மாத்திரம் என்று ஒரு ஜோக் செய்தேன். நான்கு பேரிடம் சொன்னேன். நான்காவது ஆள் என் மனைவி.

"திரும்ப பழைய கம்பெனிக்கே மாத்துங்க" என்றாள்.

மூன்று மாசம் ஆகாமல் மறுபடி மாற முடியாது என்பது விதி. புதிதாக வேறு சிம் வாங்கியும் பயனில்லை. வாசல் போர்டிலும், சுற்றுப்பட்ட ஊர்களில் இருக்கும் அத்தனை ஃபோன்களிலும் இருப்பது இந்த நம்பர்தான். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "உம்" என்றாள். இந்த முறை வாயில் குண்டூசி இல்லை.

வீடு முழுக்க ஃபோனைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில், மொட்டைமாடியில் தண்ணீர் டாங்க்கின் மேல் மட்டும் இரண்டு கோடு கிடைப்பதைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து என் அலுவலகம் அங்கே மாறியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு பவர் பேங்க், டாங்க் மூடிமேல் மனைவியின் ஃபோன். அழைப்பு வந்தால் நான் எடுத்துப் பேசி, கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிக் கீழே கத்துவேன், கீழேயிருந்து வரும் பதிலை மேலே சொல்வேன்.

"முதுகு எவ்ளோ எறக்கம் வெக்கணும்னு கேக்கறாங்க!"

"மெதுவாதான் கத்துங்களேன்! தெருவே கேக்குது."

தெரு கேட்டது. எதிர்வீட்டில் ரிடையர் ஆன தாசில்தார் ஆபீஸ்காரர் ஒருவர் அந்த நாட்களில் பேப்பரை வாசலில் உட்கார்ந்தே படிக்கத் தொடங்கினார். எங்கள் வாடிக்கையாளர்களின் அளவுகள் அவருக்கு என்னைவிட நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கும்.

இவ்வளவு செய்தும் பாதி அழைப்புகள் தவறின. நான் குளிக்கும்போது ஒன்று, மழையில் ஒன்று, பேட்டரி செத்துக் கிடந்த நேரங்களில் எத்தனையோ. வழக்கமாக வரும் இரண்டு பெண்கள் வேறு யாரோ தைத்த ஜாக்கெட்டோடு கடைத்தெருவில் எதிர்ப்பட்டார்கள். மனைவி அவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தாள். "தோள்ல சுருக்கம் உழுது பாத்தீங்களா" என்றாள். ஆனால் அன்று மிஷின் சீக்கிரமே நின்றுவிட்டது.

அப்போதுதான் ஒரு கல்யாண ஆர்டர் வருவதாக இருந்தது. அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அம்மா, யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, ஒருமுறை ஃபோனில் பேசியிருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு, அக்கா தங்கைகளுக்கு, அத்தைகளுக்கு என்று ஒரு முகூர்த்தத்துக்கு வேண்டிய அத்தனை ஜாக்கெட்டும். வெள்ளிக்கிழமை துணியோடு வருவதாகவும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஃபோன் செய்வதாகவும் ஏற்பாடு. அந்த ஒரு கல்யாணத்தில் நன்றாகத் தைத்துவிட்டால், அங்கே சாப்பிட வந்த ஊர் முழுக்க ஜாக்கெட் தைக்க எங்கள் வீட்டுக்கு வரும். என் மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"போனதெல்லாம் போவட்டும். இது ஒண்ணு மட்டும் தப்பக் கூடாது, ஆமா."

வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. அறிவிப்பு முந்தைய நாள் பேப்பரில் வந்திருந்தது. அந்தப் பேப்பரை நான்தான் வரி விடாமல் படித்திருந்தேன். பவர் பேங்க்குக்குச் சார்ஜ் போடவில்லை. இரண்டு தகவல்களையும் என் மூளை தனித்தனி அறைகளில் பத்திரமாக வைத்திருந்தது.

ஃபோன் அடித்தபோது பேட்டரி நான்கில் இருந்தது. நாலு வார்த்தை பேச அது போதும். நான் பேசியது இப்படி:

"வணக்கம்மா! நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா? முகூர்த்தம் செஞ்சியிலயா, உங்க ஊர்லயேவா? மாப்பிள்ளை இன்னா பண்றாரு?"

"ஏதோ கம்பெனியில இருக்காரு சார்" என்றார் அந்த அம்மா. "நாங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். இன்னிக்கித் துணி குடுத்தா முகூர்த்தத்துக்கு முன்னாடி முடிச்சுத் தந்துருவாங்களா? கேட்டுச் சொல்லுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, இந்த எதுத்தாப்ல கடையில குடுத்துட்டு பஸ் ஏறிருவோம்."

நான் கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். ஃபோன் விடைபெறும்போது வாசிக்கும் அந்தச் சின்ன இசையை வாசித்துவிட்டு அணைந்தது. அவர்கள் நம்பர் அதற்குள்ளேதான் இருந்தது.

கீழே ஓடி வந்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டே மொபெட்டை உதைத்தேன். "ஆளு அடையாளம் தெரியுமா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டது தெருமுனையில்தான் காதில் விழுந்தது. கல்யாணத் துணி கட்டைப்பையில்தான் வரும், கட்டைப்பையைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம் என்பது என் அனுமானம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிக்கிழமை கட்டைப்பை இல்லாத பெண் ஒருவர்கூட இல்லை.

அவலூர்பேட்டை பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் முதலில் நின்றவரிடம், "ஏம்மா, நீங்க ஜாக்கெட்டா?" என்று கேட்டேன். மூச்சு வாங்கியதில் வாக்கியத்தின் மற்ற பகுதிகள் வெளியே வரவில்லை. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்துபோனார். இரண்டாவது ஆளிடம் நிதானமாக, "ஜாக்கெட் விஷயமா யாராவது வந்திருக்கீங்களா?" என்றேன். நிதானமாகக் கேட்டது இன்னும் மோசமாகப் போய்விட்டது. மூன்றாவது ஆளுக்குப் பக்கத்தில் அவர் மகன் நின்றிருந்தான்.

பூ விற்கும் அம்மாள் தொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "யோவ் பெரியவரே, இன்னா வேணும் உனக்கு? அப்போலேர்ந்து பாக்கறேன், பொம்பளைங்க கிட்டயே சுத்தினு கீற?"

நடந்ததையெல்லாம் விளக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். புது கம்பெனி, மலை, டவர், தண்ணீர் டாங்க் என்று சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. "சார், வீட்டுக்குப் போங்க சார்" என்று ஒரு கண்டக்டர் அன்பாகச் சொல்லி என் தோளைத் திருப்பிவிட்டார். அவர் பஸ் கிளம்பியது. அதன் ஜன்னல்களில் எதிலோ அந்தக் கல்யாணமும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். "பெரியவரே" என்று பூக்காரம்மா கூப்பிட்டது வீடு வரும்வரை உறுத்தியது.

வீட்டு வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பேச்சுக் குரல். மொபெட்டைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன்.

"ஃபோன் கட்டாயிடுச்சுன்னு திரும்பிப் போயிரலாம்னுதான் இருந்தோம் தங்கச்சி" என்றது, மாடியில் நான் கேட்ட அதே குரல். "எதுத்தாப்ல கடைக்குக்கூடப் போவ இருந்தோம். அதுக்குள்ள ஒருத்தன் வந்துட்டான். எங்க பஸ்ஸாண்டயே நின்னுனு, போற வர பொம்பளைங்கள ஜாக்கெட்டா ஜாக்கெட்டான்னு கேக்கறான். கண்ணாடியெல்லாம் போட்டுனு, பாத்தா படிச்சவன் மாதிரிதான் இருக்கான். பொண்ணு வேற கூட இருக்குதா, பயந்துனு பின்பக்கமா வந்துட்டோம். அப்பறம் ஒரு ஆட்டோக்காரர் கிட்ட கேட்டு நேரா இங்கயே வந்தாச்சு."

கட்டைப்பையிலிருந்து பட்டுத்துணிகள் வெளியே வரும் சரசரப்புக் கேட்டது. மிஷின் மேஜையை மனைவி துடைத்தாள்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிப்புறப் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறினேன். அந்தக் குடும்பம் துணி கொடுக்க, அளவு பார்க்க, வாங்கிப் போக என்று வந்த எல்லா நாளும் நான் அங்கேதான் இருந்தேன். பிறகு மூன்று மாசம் முடிந்து பழைய கம்பெனிக்கே திரும்பினோம். அவர்கள் டப்பா எதுவும் தரவில்லை.

அன்று படிக்கட்டில் பாதி ஏறியிருக்கும்போதே அந்த அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"ஊரு கெட்டுக் கெடக்குது தங்கச்சி. தனியா இருக்கறியே, வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?"

"இருக்காருக்கா" என்றாள் என் மனைவி. "ஃபோன் எடுக்கறதுக்கு வெச்சிருக்கேன்."