ஆளில்லாத திட்டு

ஆர்டிஸ் பிராண்ட்வால்டுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது என்று பிளாக் க்ரீக் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் ஏறுகிறது, எந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்கிவிட்டு ஏறுகிறது என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நவம்பரில் மான் வேட்டை தொடங்கிவிட்டால் மட்டும், காட்டுக்குள் தூரத்தில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை ஒன்று அசைவதைப் பார்த்தாலே அவள் முகம் சுண்டிவிடும். மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

அப்படி நடந்து நடந்துதான் அவள் சதுப்புக்குள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் அப்பாவோடு மான் வேட்டைக்குப் போன காலத்தில் இந்த நடையெல்லாம் தேவைப்படவில்லை. விஸ்கான்சினின் வடகோடியில் அப்போது காடுதான் அதிகம், ஆட்கள் குறைவு. ஓக் மரங்கள் நின்ற மேட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால், உதிர்ந்த கொட்டைகளைத் தின்ன மான்கள் பட்டப்பகலில் வரும். பிறகு காகித ஆலை தன் காடுகளைத் துண்டு போட்டு விற்றது. நகரத்துக்காரர்கள் வாங்கி வாசலில் சங்கிலி கட்டி, உள்ளே வராதே என்று பலகை மாட்டினார்கள். அங்கே காலங்காலமாக வேட்டையாடியவர்கள் எல்லாம் ஆர்டிஸ் போகும் அரசாங்கக் காட்டுக்குள் வந்து விழுந்தார்கள். வேட்டை தொடங்கும் சனிக்கிழமை காலையில் வண்டி நிறுத்துமிடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. மேட்டில் மரத்துக்கு ஒரு வேட்டைப் பரண்.

மான்கள் போய்விட்டன என்று மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். போகவில்லை என்று ஆர்டிஸுக்குத் தெரியும். ஓக் கொட்டைகள் தின்னப்பட்டிருந்தன, புழுக்கைகள் புதிதாக இருந்தன, சேற்றில் குளம்படிகள் கிடந்தன. அவை இருட்டிய பிறகு வந்து விடிவதற்குள் திரும்பிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். முதல் நாள் காலையில் நாலு வெடிச்சத்தம் கேட்டதுமே அடர்ந்த புதருக்குள் போய்ப் படுத்துவிடும். பக்கத்தில் மனிதன் நடந்து போனாலும் எழுந்து ஓடாது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்து, அவன் கடந்து போகட்டும் என்று விட்டுவிடும்.

அவை எங்கே போய்ப் படுக்கின்றன என்று தேடிக்கொண்டு இவளும் போனாள். முதலில் ஓடைக்கு அப்பால். அங்கேயும் ஆட்கள் வந்தார்கள். பிறகு தேவதாருக்கள் நெருங்கி நிற்கும் சேற்றுப்பகுதி. அங்கேயும் வந்தார்கள். ஒரு வசந்தத்தில், மான்கள் உதிர்த்த கொம்புகளைப் பொறுக்கப் போனவள் முழங்காலளவு தண்ணீரைத் தாண்டி ஒரு திட்டில் ஏறினாள். பெரிய ஹெம்லாக் மரங்கள், நடுவே காய்ந்த புல். புல்லில் மான்கள் படுத்த பள்ளங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. அன்று அவள் அடைந்த சந்தோஷம், புருஷன் மினசோட்டாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் வந்த முதல் முழுச் சந்தோஷம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு எந்த வருடமும் அவள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

அவள் தம்பி டுவேன் அதற்கு நேர்மாறு. டயர் கடையில் வேலை. பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, காபியும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்துவிடுவான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் கதை பேசுவான். அவன் மான் சுட்டு வருடங்கள் ஆகிவிட்டன. மதுக்கடையில் இதைச் சொல்லி அவனை ஓட்டாத ஆள் இல்லை.

அந்த வருடம், வேட்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, டுவேன் வீட்டில் பொரித்த மீன் சாப்பிடும்போது ஆர்டிஸ் பேச்சை எடுத்தாள்.

"நீ வேட்டைக்குப் போறியா, சாண்ட்விச் திங்கப் போறியாடா?"

"ரெண்டுக்குந்தான். மான் வரலேன்னாலும் சாண்ட்விச் எங்கயும் ஓடிப்போகாதுல்ல."

"இந்தக் குளிருல போய் சளியைத்தான் பிடிச்சுட்டு வர்றாரு" என்றாள் அவன் மனைவி ரோண்டா. "நீங்களாவது கூட்டிட்டுப் போங்க அண்ணி. ஒரு தடவையாச்சும் வீட்டுக்குக் கறி வரட்டும்."

"வாடா. அந்தத் திட்டைக் காட்டுறேன். நீ உக்கார்ற இடத்துல கார் சத்தம், சிகரெட் நாத்தம், ஆளுங்க கூட்டம். மனுஷன் இருக்கிற பக்கம் மான் எட்டிக்கூடப் பாக்காது."

"அவ்வளவு தூரம் நடந்தா நானே மான் மாதிரி இளைச்சிருவேன் அக்கா. எவனாவது சுட்டுத் தொலைக்கப் போறான்."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியுமுன் அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். தண்ணீர் மேல் ஏடு போலப் பனிக்கட்டி படிந்திருந்தது. பாதி வழியில் டுவேனின் கால் ஆழத்தில் இறங்கி, பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. அக்காவையும் அவளுடைய பாட்டன் பூட்டனையும் சேர்த்துத் திட்டினான். "அவங்க உனக்கும் பாட்டன் பூட்டன்தான்டா" என்றாள் அவள். திட்டை அடைந்ததும் தென்கோடியில் தடித்த ஒரு ஹெம்லாக்கின் அடியில் அவனை உட்காரவைத்தாள். அசையாதே, இருமாதே, புகைக்காதே என்று சொல்லிவிட்டு வடக்கு முனைக்குப் போனாள்.

வெளிச்சம் வந்தது. மேட்டுப் பக்கம் வெடிச்சத்தங்கள் தொடங்கின. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆர்டிஸ் மனதுக்குள், 'சுடுங்க, சுடுங்க, எல்லாத்தையும் இந்தப் பக்கம் விரட்டுங்க' என்று சொல்லிக்கொண்டாள். அவள் கணக்குத் தப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழக்கே தண்ணீர் சலசலத்தது. பெண் மான்கள் முன்னால் ஓடிவர, பின்னால் ஒரு கொம்பு மான், அவள் வாழ்நாளில் பார்த்ததிலேயே பெரியது. அவள் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் அது மரங்களுக்குள் புகுந்து தெற்கே பாய்ந்தது.

மிகப் பக்கத்தில் ஒரு வெடி. உடனே இன்னொன்று.

'குண்டன் சுட்டுட்டான்!' என்று அவள் வாய்விட்டே சிரித்தாள். மதுக்கடையில் இனி யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அப்புறம்தான் அந்தக் கத்தல் கேட்டது. அது டுவேனின் குரல் இல்லை.

ஓடினாள். மரத்தடியில் டுவேன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். அவனருகே முட்டிபோட்டபடி, அவள் பார்த்தேயிராத ஒருவன். முப்பது வயது இருக்கும், தாடி, இடுப்பு வரை நனைந்த ஆரஞ்சு உடுப்பு. தன் கையுறைகளைக் கழற்றி டுவேனின் விலாவில் அழுத்திக்கொண்டிருந்தான்.

"மானைத்தான் சுட்டேன். ஓடிட்டு இருந்துச்சு. இவர் மரத்துக்குப் பின்னால இருந்தாரு, தெரியல. சத்தியமா தெரியல. இங்க யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சேன்."

ஆர்டிஸ் அவனைத் தள்ளிவிட்டுத் தன் கம்பளித் துண்டை வைத்து அழுத்தினாள். இரண்டு பேருடைய போனிலும் சிக்னல் இல்லை. ஆள் இல்லாத இடம் என்பதற்கு அதுவும் அர்த்தம்.

"உன் பேரென்ன?"

"கெண்டல்."

"கெண்டல், ஓடு. சிக்னல் கிடைக்கிற வரைக்கும் ஓடு. நிக்காத."

அவன் ஓடினான். பனிக்கட்டி நொறுங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எந்தத் தூரத்தை அவள் வருடக்கணக்காகப் பெருமையோடு பேசிவந்தாளோ, அந்தத் தூரம் முழுவதையும் அவன் தாண்டியாக வேண்டும். வருகிறவர்கள் அதே தூரத்தைத் திரும்பவும் தாண்ட வேண்டும்.

டுவேனுக்கு நினைவு இருந்தது.

"கால் ஈரமா இருக்கு அக்கா."

"கழட்டிடறேன்டா. இரு."

"மான் வந்துச்சா?"

"வந்துச்சு. பெரிய கொம்பன்."

"நான் பாக்கவே இல்ல" என்றான். கொஞ்சம் கழித்து, "ரோண்டாகிட்ட நீயே சொல்லு" என்றான். எதைச் சொல்வது என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூச்சு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அவள் அழுத்திய கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் வந்து சேர்ந்தபோது அந்தக் கையை அவர்கள்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சரை மாற்றி மாற்றிச் சுமந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. லாரிகளும் போலீஸ் கார்களும் வரிசையாக நின்றன. கழிப்பறைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த உயரப் புல்லுக்குள்ளிருந்து, அத்தனை பேர் பார்த்திருக்க, ஒரு பெண் மானும் அதன் இரண்டு குட்டிகளும் நிதானமாக எழுந்தன. ஸ்ட்ரெச்சரைப் பார்த்தன. சாலையைத் தாண்டி நடந்து போயின.

"அதுங்க வருஷா வருஷம் இங்கதாம்மா படுத்துக்குதுங்க" என்றார் பக்கத்தில் வந்த வனக்காவலர், என்ன பேசுவதென்று தெரியாமல். "வண்டியை விட்டு இறங்குறவன் எவனும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. எல்லாரும் உள்ளயே போறாங்க. இதுங்களுக்கு அது தெரிஞ்சுபோச்சு."

ஆர்டிஸ் சரளைக்கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ போர்வை கொண்டுவந்து போர்த்தினார்கள்.

கெண்டல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சில மாதம் சிறை, துப்பாக்கி பறிமுதல், இனி வேட்டை உரிமம் கிடையாது. அடக்கத்தன்று மாதா கோவிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டான். ரோண்டா ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "அவரு பாட்டுக்கு ரோட்டோரமா நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு அண்ணி. சந்தோஷமாத்தானே இருந்தாரு." கூட்டிப்போகச் சொன்னவளும் தான்தான் என்பது ரோண்டாவுக்கு நினைவில் இல்லை. ஆர்டிஸும் நினைவூட்டவில்லை. அதன்பின் அந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

தண்டனை முடிந்து வந்த கெண்டல் ஒரு மத்தியானம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான். மன்னிப்புக் கேட்க வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். ஆர்டிஸ் கதவைப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றாள்.

"அந்தத் திட்டை எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

"போன்ல மேப் பாத்தேங்க. எந்த ரோட்டுல இருந்து பாத்தாலும் எது ரொம்ப தூரமோ, அதைத் தேடினேன். கூட்டத்துல எனக்கு ஒண்ணுமே கிடைக்கிறதில்ல. ஆளு இல்லாத இடமா ஒண்ணு வேணும்னு இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கதவை மெல்லச் சாத்தினாள். அவன் முற்றத்தைத் தாண்டி நடந்து வண்டியில் ஏறிப் போனான். அவனை வெறுக்க முடிந்திருந்தால் அவளுக்கு அதுவாவது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும். அன்றைக்குப் பிறகு அதற்கும் வழியில்லாமல் போயிற்று.