அவசரம் லேது

நீ என்னை ஏமாற்றினாய். தெரிந்தேதான் ஏமாற்றினாய். திருப்பதி கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் அட்மிஷன் போடுகிற உன்னைத்தான் சொல்கிறேன்.

நான் திருவள்ளூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் தெலுங்கு வரும். ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்த வேலைக்கு மெஷின் வரப்போகிறது, ஆட்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரும்பு கடைகிற சிஎன்சி மெஷினில் ஆபரேட்டராகத் தேறினால் மட்டும் அங்கேயே இருக்கலாம். அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. அதனால்தான் கோர்ஸ் தேடினேன். வீட்டில் பொழுது போகாமல் தேடவில்லை.

முதலில் சித்தூரில் ஒரு இடம் பார்த்தேன். ஒரு ஷெட், ஒரே ஒரு பழைய மெஷின், தரையெல்லாம் ஆயில். அங்கிருந்தவர் என் புடவையைப் பார்த்துவிட்டு, "இதக் கட்டிக்கினு வந்தீன்னா மெஷின் ஒன்னையும் சேத்துக் கடைஞ்சிடும். பேன்ட் போட்டுக்கினு வருவியாம்மா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பாகாலா வழியாக அவ்வளவு தூரம் போய்வருவதும் பெரிய பாடு. உன் இடத்தில் ஏசி இருந்தது. எந்த ஷிப்டு முடிந்தும் வந்து கம்ப்யூட்டரில் உட்காரலாம் என்றாய்.

என்ன அழகாகத் தமிழ் பேசினாய் அன்று! "வாங்கம்மா, தண்ணி குடிங்க. எங்க அண்ணனுக்கு வேலூர்லதான் பொண்ணு எடுத்திருக்குது. நாம எல்லாம் ஒண்ணுதான்" என்றாய். ஃபீஸ் தமிழில். நேரம் தமிழில். சர்டிபிகேட்டின் பெருமை முழுக்கத் தமிழில். கடைசியில் நான் கேட்டேன்: "சார், மெஷின்ல கைய வெச்சுக் கத்துத் தருவீங்களா?"

அப்போதுதான் உன் தமிழ் காணாமல் போனது. போனைப் பார்த்துக்கொண்டே, "மெஷின் அவசரம் லேதம்மா" என்றாய்.

இது எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மெஷினுக்கு அவசரம் இல்லை, பிறகு காட்டுவார்கள். "பரவால்ல சார், மெதுவாவே காட்டுங்க" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு தலையாட்டினாய்.

கோர்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் மெஷின் படம் வரும். மவுஸால் கதவைத் தொட்டால் கதவு திறக்கும். கைச்சக்கரத்தைத் தொட்டால் வெட்டுகிற டூல் நகரும். தப்பாகச் செய்தால் சிவப்பு, திரும்பச் செய்தால் பச்சை. எதுவும் உடையாது. எல்லாப் பாடத்திலும் பச்சை வாங்கினேன். நடுவில் ஒருநாள் மெஷின் எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். இவள் பறக்கிறாளே என்று நினைப்பாயோ என்று அடக்கிக்கொண்டேன்.

டெஸ்ட் அன்று நிஜ மெஷின் முன்னால் நின்றேன். டூலை இரும்பின் மேல் மெல்லத் தொடவைத்து அளவு எடுக்கச் சொன்னார்கள். கைச்சக்கரத்தைத் திருப்பினேன். எவ்வளவு திருப்பினால் எவ்வளவு போகும் என்று என் கைக்குத் தெரியவில்லை. டூல் நேராகப் போய் மோதியது. நுனி உடைந்து தெறித்தது. சூப்பர்வைசர் பாய்ந்து மெஷினை நிறுத்தினார்.

"எங்கம்மா கத்துக்கினே?"

"கம்ப்யூட்டர்ல சார்."

வரிசையில் நின்ற ஒருத்தன், "அக்கா, மவுஸ் எடுத்துக்கினு வரலியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் என் டெஸ்ட்.

நேராக உன்னிடம் வந்தேன். "மெஷின் காட்டறேன்னு சொன்னியே, எங்கே?" என்று கேட்டேன். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. "நான் அன்னிக்கே சொன்னேனேம்மா, அவசரம் லேதுன்னு."

"அவசரம் இல்லன்னா, அப்புறமா உண்டுன்னுதானே?"

பக்கத்து சீட்டுப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ திரும்பவும் தமிழுக்கு வந்தாய். "தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம்மா. மெஷின் தேவையில்லன்னு சொன்னேன். நீங்க தப்பா எடுத்துக்கினா நான் என்ன பண்றது?" என்று ரொம்பப் பொறுமையாக விளக்கினாய்.

என் வீட்டுக்காரர் எல்லையோர நகரிக்காரர். இரண்டு பாஷையும் தெரிந்தவர். "என்னோட குடும்பம் நடத்திக்கினு இந்த ஒரு வார்த்த தெரியாதா ஒனக்கு?" என்று அவரும் என்னையே கேட்டார். கேட்கட்டும். எனக்குத் தெரியாதுதான். ஆனால் உனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். 'மெதுவாவே காட்டுங்க' என்று நான் சொன்ன அந்த நிமிஷமே நான் தப்பாகப் புரிந்துகொண்டது உனக்குத் தெரியும். அதற்கு நீ தலையாட்டினாய். அதற்குப் பெயர் பாஷைக் குழப்பம் இல்லை.

பேக்கிங்கில் மெஷின் வந்துவிட்டது. நான் வீட்டில் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹால் பிடித்து, மைக் வைத்து, இலவச டெமோ நடத்துகிறாய். ஸ்ரீ சிட்டி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அம்மா அப்பாவோடு வந்து உட்காருகிறார்கள். வருகிற ஞாயிறு நானும் வருவேன். என் ஃபீஸ் எனக்கு வேண்டாம். தனியாக ஆபீஸுக்குக் கூப்பிட்டு எதையும் விளக்கவும் வேண்டாம். எழுந்து நின்று ஒரே கேள்வி கேட்பேன்: தொட்டுப் பழக உன்னிடம் மெஷின் இருக்கிறதா, இல்லையா? அந்த மைக்கிலேயே, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தமிழில் பதில் சொல்.