கேட்டுக்கு எதிரே ஒரு வரிசை

"உங்களுக்குப் பின்னால் ஏதோ வரிசை தெரிகிறதே, அது என்ன?" என்று சென்னையிலிருந்து செய்தி வாசிப்பவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நேரலையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னணியில் இருக்க வேண்டிய கட்சித் தலைவர் வீட்டு இரும்புக் கேட்டைக் காணோம். தண்ணீர் லாரிக்கு முன்னால் பெண்கள் வாளிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது நான் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் தில்லி நிருபர். ஒளிப்பதிவாளரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தில்லி கரோல் பாகில் இருபது வருடம் குடியிருந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். இந்தியைக்கூட அந்த ராகத்தில்தான் பேசுவார். கூட்டணி முடிவாகுமா என்று மூன்று நாளாக அந்த வாசலில் காத்துக் கிடந்தோம். மணிக்கொரு நேரலை, சொல்லத்தான் புதிதாக ஒன்றும் இல்லை. எதிரே அரசு ஊழியர் குடியிருப்பு. குழாயில் சாக்கடை கலந்து வந்ததால் அங்கே இரண்டு வாரமாக லாரித் தண்ணீர்தான். பல வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் குடியிருப்புப் பெண் ஒருவர் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு, "அண்ணா, இதையும் காட்டுங்களேன்" என்று அண்ணனிடம் இந்தியில் கேட்டார். சென்னைக்குப் பேசினேன். தில்லித் தண்ணீர் நம் ஆட்களுக்கு எதற்கு என்று செய்தி ஆசிரியர் போனை வைத்துவிட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அண்ணனுக்குப் படவில்லை.

"மூணு நாளா கேட்டையே காட்டுதோம். கேட்டு எங்க போயிரப் போவுதும்மா?" என்றார்.

மதிய நேரலைக்கு முன், வெயில் முகத்தில் அடிக்கிறது, இப்படித் திரும்பி நில் என்றார். நம்பி நின்றேன். சென்னையிலிருந்து அந்தக் கேள்வி வந்ததும் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் டீ கொடுத்த பெண் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் தண்ணீரைப் பற்றியே பேசினேன். கேமராவுக்குப் பின்னால் அண்ணன் தலையே தூக்கவில்லை.

மறுநாள் காலை இந்திச் சேனல்கள் எல்லாம் அந்தத் தெருவில் இருந்தன. ஒரே வாரத்தில் குழாயை மாற்றிவிட்டார்கள். அலுவலகம் அண்ணனிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. 'வெயில் அதிகம்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். வேலை தப்பியதே பெரிது. ஆனால் அவருக்குச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அதே குடியிருப்பின் பின்தெருவிலும் அதே சாக்கடைத் தண்ணீர்தான். அங்கே கேமரா போகவில்லை, புதுக் குழாயும் வரவில்லை. விடுமுறை நாளில் தனியாகப் போய்ப் படம் எடுத்து வந்தார். அதான் ஒரு தடவை போட்டாச்சே என்று சென்னையில் மறுத்துவிட்டார்கள். பின்தெருப் பெண்களிடம் போய், டிவியில் வராது என்று அவரே சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது அண்ணன் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். எந்தச் செய்தி போகும், எது போகாது என்று முடிவு செய்யும் நாற்காலியில் நான் இருக்கிறேன். மாலைச் செய்தி முடிந்ததும் சில நாள் போன் செய்வார். மருமகள், மழை, முட்டிவலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பார். நன்றாக இருந்தது, இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டார்.

"இன்னைக்கு எதையெல்லாம் போடாம விட்டம்மா?"

ஒவ்வொன்றாகச் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லி முடிக்க நேரமாகும்.